நான் கேட்காமல் விட்ட ஏழாவது கேள்வி

தலைமை நாற்காலியில் வீற்றிருந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஐயா கண்ணுசாமி அவர்களே! பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லிலிருந்து, வாயை மட்டும் பூட்டாமல் வந்திருக்கும் பெரியோர்களே! பஸ்ஸுக்குக் காத்துக் காத்துக் கால் கடுத்து, சிறுமலையிலிருந்து பழக்கூடையோடு வந்து சேர்ந்த தாய்மார்களே! எரியோட்டு மண்ணை உழுது, எங்களுக்கெல்லாம் சோறிடும் உழவர் பெருமக்களே! அலைகடல் கடந்து, அகதி என்ற பெயர் சுமந்து, ஆறடி நிழலாவது கிடைக்குமா என்று அந்த முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நாற்பத்தொரு குடும்பத்தாரே! உங்கள் அத்தனை பேருக்கும் பொன்னுத்துரையின் கூப்பிய கைகள்!

மைக் செட்டு அண்ணே, இந்தக் கீச்சுச் சத்தத்தைக் கொஞ்சம் கவனிங்க. நான் அவ்வளவு இனிமையாகப் பேசுகிறவன் இல்லை. இருக்கிற குரலையாவது காப்பாத்துங்க.

ஐயா அவர்கள் என்னை அறிமுகப்படுத்தும்போது, "கண்ணீர் துடைத்த கரம்" என்று சொன்னார். மன்னிக்க வேண்டும். நான் யாருடைய கண்ணீரையும் துடைத்ததில்லை. கடல்வழி வந்தோர் உதவிச் சங்கத்தில் எனக்கு இட்ட வேலை அதுவல்ல. ரங்கூனிலே ஒரு பட்டியல், சென்னைத் துறைமுகத்திலே ஒரு பட்டியல், இங்கே மாவட்டத்திலே ஒரு பட்டியல். மூன்று பட்டியலும் ஒரே கதையைச் சொல்லுகின்றனவா என்று பார்க்க வேண்டும். சொல்லாவிட்டால் சொல்ல வைக்க வேண்டும். இதற்கு ஒருங்கிணைப்பாளர் என்று பெயர். எல்லையிலே துப்பாக்கி பிடித்து நிற்பவன் ஒருவன். எல்லையிலே பேனா பிடித்து உட்காருபவன் ஒருவன். நான் இரண்டாவது ஆள். இரண்டு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். மை தீர்ந்தது உண்டு, மனம் கரைந்தது இல்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்ன அங்கே? சடையாண்டி அண்ணே, உட்கார்ந்தே கேளுங்க, எனக்குக் காது கேக்கும். என்ன? "இவுக பர்மாவுல பொறந்தவுக. நம்ம ஊருல மனை குடுக்க, இவுக நம்ம ஊர்க்காரகளா?" அப்படித்தானே கேக்குறீங்க?

நல்ல கேள்வி. இந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் இதை மனசுக்குள் வைத்துக்கொண்டு, போட்ட மாலைக்குக் கை தட்டுகிறீர்கள். அண்ணன் ஒருவர்தான் வாயைத் திறந்தார். பதில் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன். ஆனால் அதற்கு முன் ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும். யார் செய்த தப்பு? நான் செய்த தப்பு. எங்கே செய்தது? துறைமுகத்து மேசையிலே, பகல் வெளிச்சத்திலே, நல்ல புத்தியோடு செய்தது.

சென்ற ஆண்டு பங்குனி. ரங்கூன் கப்பல் ஒன்று சென்னை வந்து சேர்ந்தது. கையிலே ஒரு தகரப் பெட்டி, கண்ணிலே கடல் மயக்கம், காலிலே தரை கண்ட தடுமாற்றம் என்று வரிசை வரிசையாக வந்தார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பாரம், அதிலே பதினான்கு கேள்வி. நான் கேட்டுக் கேட்டு எழுதினேன்.

அந்த வரிசையிலே ஒரு அம்மாள் வந்தார். பெயர் செபாஸ்தியம்மாள். பூர்வீகம் இந்தத் திண்டுக்கல் பக்கம்தான். கணவர் ரங்கூன் அரிசி ஆலையில் வேலை பார்த்து, அங்கேயே கண் மூடியவர். தோளிலே ஏழு வயதுப் பெண் குழந்தை, பெயர் சகாயம். கப்பல் ஆட்டத்தில் சோர்ந்துபோய் அடித்துப் போட்டமாதிரி தூங்குகிறது.

"யாரும்மா இந்தப் பிள்ளை?" என்றேன்.

"எம் மகளுங்க" என்றார்.

ஆறாவது கேள்வி முடிந்தது. ஏழாவது கேள்வி அச்சிலே இருக்கிறது: பெற்ற பிள்ளையா, வளர்ப்புப் பிள்ளையா?

தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிற ஒருத்தியிடம், "இது நீ பெத்ததா?" என்று நம்ம ஊரில் எவனாவது கேட்பானா? கேட்டால் விடுவீர்களா? ஆ... அந்தப் பக்கம் ஒரு அம்மா செருப்பைத் தேடுறாங்க. தேடாதீங்க, நான் கேட்கவில்லை! மரியாதை தெரிந்த மனுசன், மானம் தெரிந்த மனுசன், மதுரைச் சீமையில் வளர்ந்த மனுசன். அப்படிக் கேட்பது அநாகரிகம் என்று, "பெற்ற பிள்ளை" என்ற இடத்தில் நானே ஒரு கோடு போட்டேன். முத்திரை குத்தினேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அந்த அம்மாள் பொய் சொன்னாரா? இல்லவே இல்லை. அது அவருடைய தங்கை ஆனந்தமேரி பெற்ற பிள்ளை. தங்கை பெற்ற பிள்ளை நமக்கு யார்? மகள். நம்ம வீடுகளில் அதற்கு வேறு பெயர் உண்டா? அவர் உள்ளதைச் சொன்னார். நான் உள்ளதைக் கேட்டேன். இரண்டு உள்ளதும் சேர்ந்து ஒரு பொய்யாகப் பாரத்தில் ஏறியது.

இந்தப் பொய் என்ன செய்தது தெரியுமா? ஐப்பசி மாதம் ரங்கூனிலிருந்து என் பெயருக்கு ஒரு கடிதம். எழுதியவர் ஆனந்தமேரி. கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்ததால் பிள்ளையை அக்காவோடு கப்பலேற்றிவிட்டு அவர் அங்கேயே தங்கியிருக்கிறார். கணவர் பிழைக்கவில்லை. இப்போது அவர் தனி ஆள். பிள்ளையை முன்னே அனுப்பிவிட்ட தாய்மாருக்குக் கப்பலில் முதல் இடம் என்று ஒரு விதி உண்டு. அந்த வரிசையில் போய் நின்றிருக்கிறார். கடிதத்தில் இருந்த வரியை அப்படியே சொல்கிறேன், எனக்கு மனப்பாடம்:

"ஐயா, எம் மக சகாயம் அங்க எங்க அக்காகிட்ட இருக்கா. ஆனா எனக்குப் பிள்ளையே இல்லைன்னு இங்க பட்டியல்ல இருக்காம். தனி ஆளுக்கு எப்ப எடம் கெடைக்கும்னு தெரியாதாம். நான் பிள்ளை பெத்தவளா இல்லையான்னு நீங்கதான் சொல்லணுமாம். சொல்லுங்கய்யா."

சபையோரே, நான் அதிகம் உணர்ச்சிவசப்படுகிறவன் இல்லை. கடிதங்களுக்கு எண் போட்டு அடுக்குகிறவன். அன்றைக்கு அந்தக் கடிதத்துக்கு எண் போடக் கை வரவில்லை. வெட்கமாக இருந்தது.

சரி, தப்பைத் திருத்த விதி என்ன சொல்கிறது? அக்கா செபாஸ்தியம்மாள் வந்து, "இது நான் பெற்ற பிள்ளை இல்லை" என்று கைநாட்டு வைக்க வேண்டும். அவ்வளவுதானே என்கிறீர்களா? விதிகள் ஒற்றையாக வருவதில்லை, ஐயா. கைநாட்டு வைத்த உடனே, பிள்ளை துணையில்லாக் குழந்தை ஆகிவிடும். தாய் வரும்வரை சென்னையில் விடுதிக்கு அனுப்ப வேண்டும். தாய் எப்போது வருவார் என்று எவனுக்கும் தெரியாது. இன்னொன்று: இந்த எரியோட்டு மனைப் பட்டியலில் குடும்பம் என்றால் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். பிள்ளை போனால் செபாஸ்தியம்மாள் ஒற்றை ஆள், பட்டியலில் இல்லை. தங்கைக்குக் கப்பல் வேண்டுமென்றால், அக்காவுக்குப் பிள்ளையும் இல்லை, வீடும் இல்லை!

இதைப் போய் அந்த அம்மாளிடம் யார் சொல்வது? நான்தான். திண்டுக்கல் நாகல் நகரில், கடைத்தெரு ஓரம், கூடையில் சிறுமலைப் பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தார். கடிதத்தைப் படித்துக் காட்டினேன். தங்கை புருசன் செத்த செய்தியே அப்போதுதான் தெரியும். முந்தானையால் முகத்தை மூடிக் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு நான் கைநாட்டு விசயத்தைச் சொன்னேன். அழுகை நின்றுவிட்டது.

"என்னது? எம் பிள்ளை இல்லைன்னு எழுதணுமா? யாரப் பாத்து என்ன கேக்குறீக?"

"பெத்த பிள்ளை இல்லைன்னுதாம்மா..."

"எனக்கு அவளும் வேணும், பிள்ளையும் வேணும். ஒண்ண விட்டாத்தான் ஒண்ணுன்னு எழுதுன அந்தக் காயிதத்த எந்தக் கட்டையில போறவன்யா எழுதுனான்?"

"நான்தாம்மா எழுதுனேன்" என்றேன்.

சிரிக்காதீங்க. அந்த இடத்தில் நீங்கள் நின்றிருந்தால் தெரியும். பக்கத்துக் கடைக்காரர்கள் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒரு சீப்புப் பழத்தை எடுத்தார். சரி, முகத்தில்தான் எறியப் போகிறார் என்று ஒதுங்கினேன். என் கையில் வைத்து, "வெயில்ல வந்திருக்கீக. தின்னுட்டுப் போங்க. கையெழுத்து மட்டும் கேக்காதீக" என்றார். பழத்தைத் தின்றுகொண்டே அலுவலகம் போய்ச் சேர்ந்தேன். இனிப்பாகத்தான் இருந்தது.

எட்டு நாள் ஆயிற்று. வெள்ளிக்கிழமை மாலைக்குள் நான் தந்தி கொடுக்காவிட்டால், ரங்கூனில் பட்டியலை மூடிவிடுவார்கள். அடுத்த கப்பல் வருமோ வராதோ. வெள்ளிக்கிழமை மத்தியானம் என் அறை வாசலில் செபாஸ்தியம்மாள். கையைப் பிடித்தபடி சகாயம்.

"அப்பு, நீ செத்த வெளிய போயி நில்லு" என்றார் பிள்ளையிடம்.

பிள்ளை நகரவில்லை. சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"சரி, அப்ப ரெண்டு காதையும் பொத்திக்க. நல்லாப் பொத்து. நான் சொன்னப்பறந்தான் எடுக்கணும்."

பிள்ளை காதைப் பொத்திக்கொண்டது. கண்ணையும் மூடிக்கொண்டது. அந்த அம்மாள் என்னைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்த மைப்பெட்டியைப் பார்த்துச் சொன்னார்:

"இது எம் பிள்ளை இல்லை."

அவ்வளவு மெதுவாகத்தான் சொன்னார். கட்டைவிரலை மையில் வைத்தார், காகிதத்தில் வைத்தார். எழுதிக்கொண்டிருந்த என் குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிள்ளை காதிலிருந்து கையை எடுத்துக் கேட்டது: "பெரியம்மா, அவருகிட்ட என்ன சொன்ன?"

"பழம் என்ன வெலைன்னு கேட்டாருப்பா. சொன்னேன்."

அவையோரே! எல்லை எல்லை என்கிறோமே, எங்கே இருக்கிறது எல்லை? கடலிலே கோடு கிழித்திருக்கிறதா? காற்றிலே கயிறு கட்டியிருக்கிறதா? அன்றைக்கு ஒரு எல்லை என் மேசை மேலே, முழ நீளக் காகிதத்திலே, ஒரு தாய்க்கும் ஒரு பிள்ளைக்கும் நடுவிலே கிடந்தது. கிழித்தவன் யார்? கேட்க வேண்டியதைக் கேட்காத நான்!

தந்தி கொடுத்தேன். அடுத்து விதிப்படி பிள்ளையை விடுதிக்கு அனுப்பும் பாரம். பூர்த்தி செய்ய உட்கார்ந்தேன். பெற்ற தாய்: ஆனந்தமேரி. தற்போது பொறுப்பில் வைத்திருப்பவர்: செபாஸ்தியம்மாள். உறவுமுறை என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைக் கால்மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்: தாய். தாய் பொறுப்பில் இருக்கிற பிள்ளைக்கு விடுதி எதற்கு? தேவையில்லை என்று அடியில் கையெழுத்துப் போட்டுச் சென்னைக்கு அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து டிரங்கால். எங்கள் சங்கத்தின் மேலதிகாரி, கமர்ஜஹான் அம்மையார். கண்டிப்புக்குப் பெயர் போனவர். அவர் பெயரைச் சொன்னால் எங்கள் டைப்ரைட்டர் கூடத் தப்பு அடிக்காது.

"பொன்னுத்துரை, ஒரு பிள்ளைக்கு ரெண்டு தாய்னு எழுதியிருக்கீங்க. தூக்கக் கலக்கமா?"

"இல்லைங்கம்மா. எங்க ஊர்ல அப்படித்தான்."

வேலை போயிற்று என்றே முடிவு கட்டினேன்.

"என்னை வளர்த்தது எங்க காலா. அம்மாவோட தங்கச்சி" என்றார். "பள்ளிக்கூடத்துல தாய் பேரு கேட்டப்ப, எந்தப் பேரைச் சொல்றதுன்னு தெரியாம அழுதிருக்கேன். சரி, இருக்கட்டும். அந்தப் பாரத்துல ஒரு கட்டம் குறையுது. புதுசு அச்சடிக்கச் சொல்றேன்."

டெலிபோனை வைத்துவிட்டார். இன்றைக்கு எங்கள் பாரத்தில் பெற்றவர் என்று ஒரு வரி இருக்கிறது, வளர்ப்பவர் என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டு பேரில் எவர் பெயரையும் வெட்டச் சொல்லும் விதி இல்லை. கடல்வழி வந்தோர் உதவிச் சங்கம் கண்ட பெரிய சீர்திருத்தம் அதுதான். அரை அங்குல இடம்.

பொறுங்க, இன்னும் கதை முடியவில்லை. அங்கே கடலைக்காரர் கொஞ்சம் ஓரமாப் போங்க, பின்னால் மறைக்குது.

இந்த ஆண்டு மாசி. கப்பல் வந்தது. ஆனந்தமேரி வந்தார். செபாஸ்தியம்மாளையும் சகாயத்தையும் நானே துறைமுகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். மேசையில் புதிதாகச் சேர்ந்த ஒருவர். நான் பின்னால் நிற்கிறேன். ஓர் ஆண்டாகப் பார்க்காத பிள்ளை. தாய் பார்த்தாள். பிள்ளை வளர்ந்திருந்தது. பெரியம்மா சேலையைப் பிடித்துக்கொண்டு, பாதி முகம் மட்டும் காட்டி நின்றது. தாய் கையை நீட்டவில்லை. பிள்ளை பிடித்திருந்த அந்தச் சேலையைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மேசையில் இருந்தவர் கேட்டார்: "யாரும்மா இந்தப் பிள்ளை?"

"எங்க அக்கா மகளுங்க" என்றாள் ஆனந்தமேரி!

நாலு மாத வேலை! தந்தி, டிரங்கால், கைநாட்டு, காதைப் பொத்திய பிள்ளை, எல்லாம் போச்சு! பெற்றவளே வந்து, இது என் பிள்ளை இல்லை என்று துறைமுகத்தில் சொன்னால் நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? பாய்ந்து போய், அந்தப் புது ஆள் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கினேன். முன்பு மரியாதை கருதிக் கேட்காமல் விட்டேனே, அந்த ஏழாவது கேள்வியை, மரியாதையைக் காற்றில் விட்டுக் கேட்டேன்:

"ஏம்மா! பெத்தது யாரு?"

ஆனந்தமேரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமில்லை, வருத்தமில்லை. இதைக்கூடக் கேட்பார்களா என்பதுபோல ஒரு பார்வை.

"பெத்தது நாந்தாங்க. அதுக்கென்ன?"

அதுக்கென்ன!

சபையோரே, சட்டப் புத்தகங்களை நான் படித்திருக்கிறேன், சர்க்கார் உத்தரவுகளைப் படித்திருக்கிறேன், சர்வதேச அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். இப்படி ஒரு பதிலை எங்கும் படித்ததில்லை. ஏழாவது கேள்விக்கு அதுதான் பதில். பெரியவள் அப்போதுதான் பிள்ளையின் விரலைச் சேலையிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்து, "அம்மாகிட்டப் போ அப்பு" என்றாள். சின்னவள், "இருக்கட்டும்க்கா, அவளா வரட்டும்" என்றாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் நகரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் இரண்டு வரியிலும் இரண்டு பெயரை எழுதி, முத்திரையைக் குத்தினேன். முத்திரை கோணலாக விழுந்தது. கண் சரியாகத் தெரியவில்லை. தூசியாக இருக்கலாம்.

சடையாண்டி அண்ணே! இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இவர்கள் பர்மாவில் பிறந்தவர்களா? ஆமாம், பிறந்தவர்கள்தான். அதுக்கென்ன? சோற்றிலே வேறு ருசி சேர்த்துச் சமைக்கிறார்கள், பேச்சிலே வேறு சொல் கலந்து பேசுகிறார்கள். அதுக்கென்ன? நம்ம தெருவில் நேற்று வரை காணாத முகங்கள். அதுக்கென்ன? நாம் பெற்ற பிள்ளைகள் இல்லையே என்கிறீர்களா? அதுக்கென்ன அண்ணே, அதுக்கென்ன? பெற்றவள் பர்மாவாக இருக்கட்டும், அவள் பெயருக்கும் ஒரு வரி இருக்கட்டும். வளர்க்கிறவள் யார் என்று ஒரு வரி காலியாக இருக்கிறதே, அதிலே எரியோடு என்று எழுதினால் எரியோட்டுக்குக் குறைந்தா போகும்?

கை தட்டாதீங்க. தட்டினால் ஐயா, பேச்சு முடிந்தது என்று எழுந்துவிடுவார். இன்னும் ஒரு வேலை இருக்கிறது.

இதோ, கையில் நாற்பத்தொரு மனைப் பத்திரம். நாற்பது பத்திரத்தில் குடும்பத் தலைவர் பெயர் எழுதியாகிவிட்டது. இந்தக் கடைசிப் பத்திரத்தில் மட்டும் அந்த இடம் காலி. இன்று காலை வரை அந்த இரண்டு பெண்களிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். அக்கா, "அவ பேர எழுதுங்க, பிள்ளைக்காரி" என்கிறாள். தங்கை, "அவ பேர எழுதுங்க, பிள்ளைக்காரி" என்கிறாள். ஒருங்கிணைப்பாளன் தோற்றுப் போனேன். அதனால் சகாயத்திடம் கேட்டேன். பிள்ளை இரண்டாம் வகுப்பு, பேனாவைக் கொடுத்தேன். இரண்டு பெயரையும் எழுதிவிட்டது. இடம் போதாமல் ஓரத்தில் ஏறி எழுதியிருக்கிறது. சர்க்கார் ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்காதீர்கள். ஏற்றுக்கொள்ள வைப்பதுதான் என் வேலை.

சடையாண்டி அண்ணே, மேடைக்கு வாங்க. ஆமாம், உங்களைத்தான். இந்த மனைக்குப் பக்கத்துச் சோளக்காடு உங்களது. பக்கத்து வீட்டுக்காரர் நீங்க. உங்கள் கையால் கொடுத்தால்தான் முறை. வாங்கண்ணே, துண்டைத் தோளிலேயே போட்டுக்கங்க, இடுப்பில் கட்ட வேண்டாம்.

பாருங்கள், அண்ணன் எழுந்துவிட்டார். இந்தப் பக்கம் அந்த இரண்டு பெண்களும் எழுந்துவிட்டார்கள். ஒருத்தியை ஒருத்தி முன்னால் தள்ளிவிடுகிறாள். நடுவில் நிற்கிற பிள்ளைதான் இரண்டு பேர் கையையும் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறது. கொஞ்சம் வழி விடுங்க தாயே, வழி விடுங்க.

பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், கேள்வி கேட்ட அண்ணனுக்கும், கடிகாரத்தை மறந்துவிட்ட தலைவர் ஐயாவுக்கும் என் நன்றி. முன்வரிசைக் குடும்பத்தாரே, உங்கள் ஊருக்கு நல்வரவு. வணக்கம்.